ரோஜாவை வேலை வாங்கும் வளையம்

ஓசூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் தொழிற்சாலைகள்தான். சிப்காட்டைத் தாண்டி பாகலூர், பேரிகை, தளி பக்கம் போனால் இன்னொரு தொழில் கண்ணில் படும். வெள்ளைக் கூரை போட்ட பசுமைக்குடில்கள், அவற்றுக்குள் வரிசை வரிசையாக ரோஜா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கொளுத்தாத வெயில், எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவின் சந்தையும் விமான நிலையமும். பிப்ரவரி 14-ஐ எதிர்பார்த்து இங்கே வெட்டப்படும் ‘தாஜ்மகால்’ ரகச் சிவப்பு ரோஜா வெளிநாடுகளுக்கும் போகிறது.

ரோஜா வளர்ப்பவர்கள் உலகெங்கும் அஞ்சுகிற நோய்களில் ஒன்று கழலை நோய். கவாத்து செய்த காயத்தின் வழியாகவோ, ஒட்டுக் கட்டிய இடத்தின் வழியாகவோ மண்ணிலிருந்து அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் உள்ளே நுழைகிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் முதலில் வெளுத்த, மெத்தென்ற புடைப்பாகத் தெரியும். நாளாக ஆகப் பழுப்பேறி, மேலே வெடித்து, கட்டையாக இறுகிவிடும். செடி உடனே சாகாது. ஆனால் நோஞ்சானாகி, பூ குறையும். மருந்து தெளித்துத் தீர்க்கிற நோயும் அல்ல இது.

இந்த பாக்டீரியாதான் காரணம் என்று 1907-லேயே அமெரிக்காவின் எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் காட்டிவிட்டார்கள். புதிர் பிறகுதான் தொடங்கியது. பாக்டீரியாவை முழுக்க நீக்கிய பிறகும் கழலைத் திசு தானாக வளர்ந்துகொண்டே இருந்ததை ஆர்மின் பிரான் 1940-களில் கண்டார். நுழைந்தவன் போன பிறகும் ஏதோ ஒன்று செடிக்குள் தங்கியிருந்தது. அடுத்த துப்பு 1971-இல் கிடைத்தது. நோய் உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியாவை 37 டிகிரி வெப்பத்தில் வளர்த்தபோது அது உயிரோடுதான் இருந்தது, ஆனால் கழலை உண்டாக்கும் திறனை மட்டும் இழந்துவிட்டது. 1974-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மான்டகு குழுவினர் விடையைச் சொன்னார்கள். வெப்பத்தில் தொலைந்துபோனது ஒரு பிளாஸ்மிட்.

பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே, பெரும்பாலும் வளைய வடிவில், தானே நகலெடுத்துக்கொள்ளும் டிஎன்ஏ துண்டுதான் பிளாஸ்மிட். கழலையை உண்டாக்கும் பிளாஸ்மிட்டுக்கு ‘டிஐ பிளாஸ்மிட்’ என்று பெயர். நீளம் சுமார் 2 லட்சம் எழுத்துகள், அதாவது இந்த பாக்டீரியாவின் மொத்த மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 4 சதவீதம். பிளாஸ்மிட் என்றாலே மருந்தை எதிர்க்கும் திறனை ஊருக்கெல்லாம் பரப்புவது என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைவிட ஆழமான வேலை ஒன்றும் அதற்கு உண்டு. தன்னைச் சுமக்கும் உயிர் எதைத் தின்னும், எதைச் செரிக்கும், எவ்வளவு வேகமாக வளரும் என்பதையே அது மாற்றிவிடுகிறது.

காயம்பட்ட செடி கசியவிடும் ஃபீனால் பொருள்களை பாக்டீரியா மோப்பம் பிடித்ததும், பிளாஸ்மிட்டின் ஒரு பகுதி நகலாகிச் செடியின் செல்லுக்குள் போய் அதன் டிஎன்ஏவோடு இணைகிறது. 1977-இல் சியாட்டிலில் மேரி-டெல் சில்டன் உள்ளிட்ட குழுவினர் இதை நிரூபித்தார்கள். அந்தத் துண்டில் உள்ள மரபணுக்களில் சில, ஆக்சின், சைட்டோகைனின் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். அதனால்தான் கழலை வீங்குகிறது. மற்ற மரபணுக்கள் ஓபைன் என்ற விசித்திரமான சேர்மங்களைச் செய்ய வைக்கும். இவற்றில் நோபலீன் என்பது ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டும் சேர்ந்து உருவாவது. செடிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. மண்ணில் உள்ள பெரும்பாலான நுண்ணுயிர்களாலும் இதைத் தின்ன முடியாது. தின்பதற்கான நொதிகளும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்களும் அதே டிஐ பிளாஸ்மிட்டின் எஞ்சிய பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்தவர் வீட்டில் சமைக்கச் சொல்லிவிட்டு, சாப்பாட்டறைச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. கார்பனும் நைட்ரஜனும் ஒரே கவளத்தில் கிடைத்துவிடுகின்றன.

சில ஓபைன்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை கிடைக்கும் இடத்தில் பாக்டீரியாக்கள் திரண்டு பெருகினால், பிளாஸ்மிட் தன் நகலைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கடத்தத் தொடங்கும். பந்தி நடக்கிற இடத்தில்தான் பிளாஸ்மிட் பரவுகிறது.

இதற்கெல்லாம் பாக்டீரியா விலையும் கொடுக்கிறது. செடியைத் தாக்கும் கருவிகளைக் கட்டப் புரதமும் ஆற்றலும் எக்கச்சக்கமாகச் செலவாகும். காயத்தின் வாசனை கிடைத்து அந்தக் கருவிகளுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்போது, பிளாஸ்மிட்டைச் சுமப்பவை சுமக்காதவற்றைவிட வளர்ச்சியில் நன்றாகப் பின்தங்குகின்றன என்று அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். மற்ற நேரங்களில் அந்த மரபணுக்கள் உறங்கிக் கிடப்பதால் சுமை அவ்வளவாகத் தெரியாது.

உணவுப் பட்டியலை மாற்றும் பிளாஸ்மிட்டுகள் வேறு பாக்டீரியாக்களிலும் உண்டு. சூடோமோனாஸில் கற்பூரத்தைச் செரிக்க ஒன்று, நாஃப்தலீனைச் செரிக்க ஒன்று, ஆக்டேனுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கின்றன. கல்கத்தாவில் படித்து அமெரிக்கா சென்ற ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, இப்படிப்பட்ட பிளாஸ்மிட்டுகளை ஒரே பாக்டீரியாவில் சேர்த்து, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் உயிரை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற அவருடைய வழக்கில், 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தரலாம் என்று தீர்ப்பளித்தது.

ரோஜாவும் இந்த பாக்டீரியாவும் பகையாளிகளாக மட்டுமே இருந்துவிடவில்லை. கழலை மரபணுக்களைப் பிடுங்கிவிட்டு வேண்டிய மரபணுவை வைத்தால், அக்ரோபாக்டீரியம் அதைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நீல ரோஜா இந்த வழியில் பிறந்ததுதான்.

நோய்க்கான தடுப்பும் பிளாஸ்மிட்டின் தீனி ஆசையிலிருந்தே வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆலன் கெர், கே84 என்ற தீங்கில்லாத அக்ரோபாக்டீரியத்தைக் கண்டெடுத்தார். அது அக்ரோசின் 84 என்ற விஷத்தைச் சுரக்கும். நோய் பாக்டீரியாவோ அதை ஓபைன் என்று நம்பி, டிஐ பிளாஸ்மிட் அமைத்துக் கொடுத்த வாயில் வழியாகத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதே பிளாஸ்மிட்டின் நொதி ஒன்று அதை வெட்டி விஷப் பகுதியை விடுவிக்க, புரத உற்பத்தி நின்று பாக்டீரியா மடிகிறது. நடுவதற்கு முன் நாற்றின் வேரையும் விதையையும் கே84 கரைசலில் நனைத்து எடுக்கும் முறை 1970-களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. அக்ரோசினைச் செய்வதும் அதைத் தாங்குவதும் கே84-இன் ஒரு பிளாஸ்மிட்டில் இருப்பதால், அது நோய் பாக்டீரியாவுக்குத் தாவினால் எல்லாம் பாழ். எனவே கடத்தும் மரபணுப் பகுதியை வெட்டி எடுத்து கே1026 என்ற புதிய வகையை உருவாக்கினார்கள். 1980-களின் இறுதியில் அது ‘நோகால்’ என்ற பெயரில் ஆஸ்திரேலியச் சந்தைக்கு வந்தது. இந்த வாயில் இல்லாத கழலை பாக்டீரியாக்களும் உண்டு, அவற்றை அக்ரோசின் ஒன்றும் செய்யாது. வாயில் உள்ளவற்றிலும், டிஐ பிளாஸ்மிட்டை முழுதாக உதறிவிட்டவை தப்பிப் பிழைக்கின்றன. ஆனால் அவற்றால் ரோஜாச் செடியில் கழலையும் உண்டாக்க முடியாது, ஓபைனையும் தின்ன முடியாது.