கணக்குச் சீட்டுக்கட்டு

நம் விடுதியில் எனக்குச் 'சீட்டாடி' என்று ஒரு பெயர் உண்டு. உணவுக்கூடத்து வரிசையில் நிற்கும்போதும், பேருந்தில் போகும்போதும் கைபேசியில் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிக்கொண்டிருப்பதைக் கண்ட நண்பர்கள் சூட்டிய பெயர் அது. புதிதாக வந்த முதலாண்டுத் தம்பி ஒருவர் அருகில் வந்து, "அண்ணா, பணம் வைத்தா ஆடுகிறீர்கள்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இல்லை தம்பி, மதிப்பெண்ணை வைத்து ஆடுகிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சொன்னதோ உண்மை. அவை கணக்குச் சீட்டுகள். அவற்றால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதை நம் மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முப்பதுக்கு ஒன்பது

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன் என்ற பெயரோடு இந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தேன். நேரியல் இயற்கணித வகுப்பில் பேராசிரியர் 'ரேங்க்', 'ரேங்க்' என்று அடிக்கொருதரம் சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரும் ரேங்க் கார்டுதான்! அவர் சொல்வது, நான் ஊரில் 'அணியின் தரம்' என்று படித்த அதே பொருள் என்பது விளங்கவே இரண்டு வாரம் ஆயிற்று.

விளங்கிய பிறகு விடாமல் படித்தேன். குறிப்பேட்டை முதலிலிருந்து முடிவு வரை நான்கு முறை படித்தேன். படிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகவே தோன்றியது. ஆனால் இடைத்தேர்வில் வினாத்தாளைக் கண்டதும் அந்த முகங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. முப்பதுக்கு ஒன்பது மதிப்பெண்! வேறு பாடத்திற்கு மாறிவிடலாமா என்று அன்றிரவே வீட்டிற்குத் தொலைபேசியில் கேட்டேன். "இன்னொரு தேர்வு எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்" என்றார் அப்பா. அந்த ஒரு தேர்வுக்குள் நான் கற்றுக்கொண்ட பாடம் இது: கண்டால் அடையாளம் தெரிவது வேறு, காணாமலே நினைவிலிருந்து எடுப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. நான் பழகியதோ முதலாவதை.

மறதியின் கணக்கு

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனி நாட்டு எப்பிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து மீண்டும் கற்று, முதன்முறை பட்ட பாட்டில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு மணி நேரத்தில் மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்காகிறது. ஒரு திங்களில் ஐந்தில் ஒரு பங்குதான். மறதி முதலில் ஓடுகிறது, பிறகு நடக்கிறது.

அப்படியானால், மறக்கப்போகும் தறுவாயில் ஒரு முறை நினைவூட்டினால் போதுமல்லவா? ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியான் லைட்னர் 1972இல் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார். பல அறைகள் கொண்ட ஒரு பெட்டி. அதில் ஒரு பக்கம் வினாவும் மறுபக்கம் விடையும் எழுதிய சீட்டுகள். விடை சரியானால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே அதைப் பார்ப்பது அருகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். போலந்து நாட்டு வோஸ்னியாக் 1987இல் இந்த இடைவெளிகளைக் கணிப்பொறியே கணக்கிடும்படி செய்தார். அவருடைய அக்காலத்து முறைப்படி, தடையின்றி நினைவுக்கு வரும் சீட்டு 1 நாள், பிறகு 6 நாள், பிறகு 15 நாள், பிறகு 38 நாள் என்று விலகி விலகி வரும்.

நான் பயன்படுத்துவது 2006இல் டேமியன் எல்ம்ஸ் உருவாக்கிய 'அங்கி' என்னும் செயலி. நம் மொழியில் அங்கி என்றால் மேலாடை; ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருளாம். கணிப்பொறியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அதற்குக் காசு இல்லை, ஐபோனில் உண்டு. கணிதக் குறிகளை அச்சுப்போல் எழுதலாம். சீட்டுகளைப் புரட்ட இணையமும் வேண்டியதில்லை. ஊருக்குப் போகும் இரயிலில் இரவும் பகலும் எனக்குத் துணை அதுதான்.

இடைவெளி மட்டுமன்று, நினைவிலிருந்து எடுக்கும் முயற்சியே கல்வியாகிறது. அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டுகிறது. ஓர் உரைப்பகுதியை ஒரு சாரார் மீண்டும் படித்தார்கள். மற்றொரு சாரார் பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: மீண்டும் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வுக்கு முந்திய இரவு நாம் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு 'எல்லாம் தெரியும்' என்று உறங்கப் போகிறோமே, அந்த நிறைவு ஐந்து நிமிட நிறைவு.

கணக்கு மனப்பாடமா?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "வரலாற்றுக்கு ஆண்டு வேண்டும், மொழிக்குச் சொல் வேண்டும், சீட்டு அங்கே பொருந்தும். கணக்கு சிந்தனையல்லவா? அதைப்போய் மனப்பாடம் செய்வதா?"

நியாயமான கேள்வி. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிப் பழகினார்கள். முந்திரி 1/320, மாகாணி 1/16 என்று பின்னங்கள் நாவில் நின்றன. நாவில் நின்றதால்தான் நெல்லை அளக்கும்போது மனம் அளவையில் நின்றது. பெருக்கல் வாய்பாடு தெரியாதவன் வகுத்தலின் நடுவே வழி தவறுகிறான். வரையறை தெரியாதவன் நிறுவலின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். சிந்தனைக்குக் கைப்பொருள் வேண்டும். அதைக் காப்பது சீட்டின் வேலை. ஆனால் கைப்பொருளைத் தேடித் தருவது சீட்டின் வேலையன்று. விளங்காத ஒன்றைச் சீட்டில் எழுதினால், விளங்காமையே மனப்பாடமாகும். முதலில் விளங்க வேண்டும், பிறகே சீட்டு.

சீட்டில் எழுதுவது யாது?

ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்னும் தொடர் எல்லையின்றி வளரும் என்பதை நாம் படித்திருக்கிறோம். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஓரெம் காட்டிய அழகிய நிறுவல் அது. முதலில் நான் அந்த நிறுவல் முழுவதையும் ஒரே சீட்டில் எழுதினேன். அது வரும்போதெல்லாம் பாதி நினைவிருக்கும், பாதி இராது. 'தெரியும்' என்பதா, 'தெரியாது' என்பதா? பின்னர் நான்காகப் பிரித்தேன்.

முதற்சீட்டு: "உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கினால் தொடர் குவிந்தே தீருமா?" விடை: "இல்லை. 1 + 1/2 + 1/3 + … சான்று."

இரண்டாவது: "அது வளர்வதை நிறுவ முதல் அடி எது?" விடை: "1/3, 1/4 ஒரு குழு, 1/5 முதல் 1/8 வரை ஒரு குழு, 1/9 முதல் 1/16 வரை ஒரு குழு, இப்படியே இரட்டித்துச் செல்க."

மூன்றாவது: "ஒவ்வொரு குழுவும் 1/2க்குக் குறையாதது ஏன்?" விடை: "1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள், மிகச் சிறியது 1/8, ஆகவே கூட்டுத்தொகை 4 × 1/8க்கு மேல். ஏனைய குழுக்களும் அவ்வாறே."

நான்காவது: "இதே வழி 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்பதற்கு ஏன் செல்லாது?" விடை: "அங்கே குழுக்களுக்குக் கிடைக்கும் கீழெல்லை 1/8, 1/16, 1/32 என்று தேய்ந்துகொண்டே போகிறது. அத்தொடர் குவிவது."

நான்காவது சீட்டைப் பாருங்கள். எந்த நூலிலும் அது தனி வினாவாக இல்லை; நானே என்னைக் கேட்டுக்கொண்டது. அதை எழுத அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தில்தான் நிறுவல் எனக்கு உண்மையில் விளங்கிற்று. சீட்டைப் புரட்டுவதில் பாதிப் பயன். எழுதுவதில் பாதிப் பயன்.

ஆகவே சூத்திரத்தை மட்டும் எழுதாதீர்கள். அது எப்போது செல்லும், எப்போது செல்லாது, ஏன் செல்லாது என்று கேளுங்கள். 'தொடர்ச்சியான சார்பு எங்கும் வகையிடத்தக்கதா?' என்று கேட்டு, மட்டுச் சார்பு 0இல் கூர்முனையாக நிற்பதைப் படமாக வரைந்து வையுங்கள். தமிழ்வழியில் வந்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: சொல்லை இருமொழியிலும் எழுதலாம். என் முதற்சீட்டே அதுதான். முன்பக்கம் 'ரேங்க்' என்று எழுதி, (1, 2, 3), (4, 5, 6), (5, 7, 9) என்னும் மூன்று வரிசைகளைத் தந்தேன். பின்பக்கம்: "அணியின் தரம், நேரியல் சார்பற்ற வரிசைகளின் எண்ணிக்கை. மூன்றாம் வரிசை முதலிரண்டின் கூட்டல், ஆகவே 2." பள்ளிக்கூடம் தந்த ரேங்க் கார்டுகளைவிட இந்த ரேங்க் கார்டு எனக்கு அதிகம் உதவிற்று.

கலைத்துப் போடுக

சீட்டு என்றால் கலைக்க வேண்டுமல்லவா? கணக்கிலும் அது நன்மை. ரோரர், டெய்லர் என்னும் இரு அமெரிக்கர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் நான்குவகைத் திண்மங்களின் கன அளவைக் காணப் பழகினர். ஒரு சாரார் வகை வகையாகச் செய்தார்கள்; பயிற்சியில் 89 விழுக்காடு சரி. மற்றவர்கள் கலந்து செய்தார்கள், 60தான் சரி. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவகையாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63! காரணம் எளிது. பகுதித் தொகையிடல் பாடத்தின் கீழுள்ள கணக்கெல்லாம் பகுதித் தொகையிடலால்தான் தீரும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இராது. எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதே பாதிக் கணக்கு. ஆகவே எல்லாப் பாடத்தையும் ஒரே கட்டில் வைத்து, 'இதற்கு எந்த வழி? ஏன்?' என்று மட்டும் கேட்கும் சீட்டுகளை நான் வைத்திருக்கிறேன். முழுக் கணக்கையும் எழுதினால் நாளடைவில் விடை மட்டும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பயனில்லை.

நான் இடறிய இடங்கள்

யாரோ செய்துவைத்த பெரிய கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டேன். அது பிறர் கண்ட கனவுபோல் இருந்தது; ஒரு வாரத்தில் அழித்துவிட்டேன். பிறகு ஆசையால் நாள்தோறும் இருபது புதிய சீட்டு என்று தொடங்கினேன். அவை திரும்பி வரும்போது பெருவெள்ளமாயிற்று. இப்போது நாளைக்கு ஐந்துதான். பொங்கல் விடுமுறையில் பதினோரு நாள் தொடவில்லை. திரும்பி வந்தபோது நூற்றுக்கணக்கில் காத்திருந்தன. நாளும் ஐம்பது என்று மெல்லக் கரைத்தேன். எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்று உண்டு: சீட்டு எளிதாக இருப்பதால், கணக்குப் போடுவதற்குப் பதில் சீட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். நீச்சலைப் பற்றிய சீட்டு நீந்தாது, நண்பர்களே! நாள்தோறும் இருபது நிமிடம் சீட்டு. அதன் பிறகு கைபேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத் தாளும் எழுதுகோலுமாக இரண்டு மணி நேரம். இதுதான் என் முறை.

அப்பா சொன்ன அந்த இன்னொரு தேர்வை எழுதினேன். முப்பதுக்கு இருபத்தொன்று. முதலிடம் அன்று, ஆனால் கணக்கை விட்டுப் போகவேண்டிய எண்ணும் அன்று. போகவில்லை, இன்றும் கணக்கு மாணவனாகவே இதை எழுதுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்த தம்பி தங்கையர் இங்கே வருகிறார்கள். முதல் இடைத்தேர்வில் விழுந்ததும் தமக்கு அறிவே போதாது என்று எண்ணிவிடுகிறார்கள். பலருக்கும் குறைவது அறிவன்று. படித்ததை வைத்துக் காக்கும் முறைதான். இன்றிரவு, இன்று வகுப்பில் நன்கு விளங்கிய ஒன்றை எடுத்து ஐந்தே சீட்டு எழுதிப் பாருங்கள். நாளைக் காலை பாராமல் விடை சொல்லிப் பாருங்கள். சொற்களில் ஐயம் வந்தால் 'சீட்டாடி' அறை எது என்று விடுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.