கணவாயின் மாயத் தோல்

நிறம் மாறும் பிராணி என்றதும் நம் நினைவுக்கு வருவது பச்சோந்தியே. ஆனால், கறியாக மட்டுமே நம்மிற் பலர் அறிந்த கணவாயின் முன்னே பச்சோந்தியும் தோற்றுப்போகும். பச்சோந்தி நிறம் மாறச் சிறிது நேரம் செல்லும். கணவாயோ ஒரு விநாடிக்குள் மாறிவிடும். 1832 ஆம் ஆண்டில் கேப் வேர்டே தீவுகளில், கணவாயின் உறவினமான ஒக்டோபசு ஒன்று நீரினுள் இவ்வாறு நிறம் மாறக் கண்ட சாள்ஸ் டார்வின், அதனை வியந்து எழுதியுள்ளார்.

இவ்வித்தை எங்ஙனம் நிகழ்கின்றது? கணவாயின் தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நிறப்பைகள் உள்ளன. மஞ்சள், சிவப்பு, கபிலம் ஆகிய நிறப்பொருள்களுள் ஒன்று ஒவ்வொரு பையிலும் அடங்கியிருக்கும். பையோ இறப்பரைப்போல் இழுபடும் இயல்பினது. சைக்கிள் சில்லின் கம்பிகளைப் போல மெல்லிய தசைநார்கள் அதனைச் சுற்றிலும் பொருந்தியுள்ளன. மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை வந்ததும் இத்தசைகள் சுருங்குகின்றன. தசை சுருங்கப் பை விரிகின்றது. ஊசிமுனையளவு புள்ளியாயிருந்த நிறம் வட்டமாகப் பரவுகின்றது. தசை தளர்ந்ததும் பை மீண்டும் புள்ளியாகின்றது, தோலும் வெளிறிவிடுகின்றது.

அப்படியாயின், நீலமும் பச்சையும் எங்கிருந்து வருகின்றன? அவற்றுக்குரிய நிறப்பொருள் தோலில் இல்லை. நிறப்பைகளின் கீழேயுள்ள கலங்களில் ரிஃப்ளெக்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. 2004 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இப்புரதத்தை விவரித்தனர். சவர்க்காரக் குமிழியில் வானவில் தோன்றுவது போல, இத்தகடுகளிற் பட்டுத் தெறிக்கும் ஒளியே அந்நிறங்களைத் தருகின்றது.

இத்தனை வண்ணங்காட்டும் இப்பிராணிக்கு நிறங்களைக் காண இயலாது என்பது விந்தையன்றோ? பெரும்பாலான கணவாயினங்களின் கண்களில் ஒளியை உணரும் நிறப்பொருள் ஒன்றே உண்டு. ஆகவே நம்மைப்போல் நிறங்களை வேறுபடுத்தி அறிய அவற்றால் முடியாதென விஞ்ஞானிகள் கருதுகின்றனர். அவ்வாறிருந்தும் சூழலின் நிறத்தோடு அவை ஒன்றிவிடும் விதம் இன்றும் ஆராயப்படும் புதிராகும்.

கணவாயின் மூதாதையர் நத்தையைப்போல் உடலுக்கு வெளியே ஓடு தாங்கி வாழ்ந்தவை. அவ்வோட்டை இழந்த மென்னுடலுக்குத் தோலே கவசமாயிற்று. இரைதேடும் பெரிய மீனின் கண்ணிற் பட்டால் உயிர் தப்புவது அரிது.

மாணவர்களே, மீன்சந்தைக்குச் சென்றால், அப்போதுதான் கரைக்கு வந்த கணவாயின் தோலை உற்றுநோக்குங்கள். உயிர் நீங்கிய பின்னும் சிறு புள்ளிகள் விரிந்து சுருங்கக் காணலாம். மூளையின் கட்டளை நின்ற பின்னரும் அத்தசைகள் சற்று நேரம் இயங்குகின்றன.