குர்பானிக் கத்தி: அறுக்க ஒன்று, உரிக்க ஒன்று

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் ஆட்டின் வயது, பல், எடை, விலை பற்றி நம் வீடுகளில் நாள் கணக்கில் பேசுகிறோம். கத்தியின் நினைவு வருவதோ பெருநாள் தொழுகை முடிந்து திரும்பிய பிறகுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் குர்பானி கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். ஆட்டைக் கிடத்திவிட்டார்கள். கையில் தந்த கத்தியைப் பார்த்தேன். போன வருடம் எலும்பு வெட்டிய கத்தி. வாயில் மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது. ஆட்டை எழுப்பி நிற்க வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து வேறு கத்தி வரும்வரை காத்திருந்தோம். "ஆட்டுக்கு இருபதாயிரம் கொடுத்தேன் ஹஜ்ரத், கத்தியைப் பார்க்காம விட்டுட்டேனே" என்று அந்த வீட்டுப் பெரியவர் வருந்தினார்.

கத்தியும் இந்த இபாதத்தின் ஒரு பகுதிதான். ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸில், அறுக்கும்போது அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்குச் சிரமம் தரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். தம் குர்பானியின்போதும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கத்தியைக் கல்லில் தீட்டித் தரச் சொன்னார்கள்.

அறுக்கும் கத்தி

ஷாஃபிஈ மத்ஹபில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இவற்றோடு கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்களையும் சேர்த்து, நான்கில் மூன்றாவது அறுபட வேண்டும். இது தாமதமின்றி நடக்க வேண்டுமானால் கத்தி நீளமாக இருக்க வேண்டும். கழுத்தின் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கு 8 அங்குலம், மாட்டுக்கு 12 அங்குலத்துக்குக் குறையாமல். வாய் நேராகவும், பல் விழாமலும் இருக்கட்டும். ஒரு பஞ்சுத் துண்டை வாயின் மீது இலேசாக இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. இந்தக் கத்தியால் எலும்பைத் தொடவே கூடாது. அதற்கு வெட்டுக்கத்தி தனியாக இருக்கட்டும்.

உரிக்கும் கத்தி

உயிர் முழுமையாகப் பிரிந்து அசைவு அடங்கிய பிறகே தோலில் கை வைக்க வேண்டும். இதற்கு 5 அல்லது 6 அங்குலத்தில், வயிறு போல் வளைந்த வாயும் மழுங்கிய முனையும் உள்ள சிறிய கத்தி போதும். நீளமான கூர்முனைக் கத்தி தோலையும் குத்தும், இறைச்சியையும் குத்தும். முதல் கீறலைப் போட்ட பின் கத்தியின் வாயை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி, உள்ளிருந்து கீறுங்கள். முடி அறுபட்டு இறைச்சியில் ஒட்டாது. ஆட்டுத் தோலின் பெரும்பகுதி முஷ்டியால் தள்ளினாலே கழன்று வரும்.

வயிற்றைத் திறக்கும்போது இரு விரல்களை உள்ளே விட்டுக் குடலைத் தாழ்த்திப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தியின் வாயை மேல்நோக்கி வைத்துக் கீறுங்கள். குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் இறைச்சி அசுத்தமாகும். பித்தப்பை உடைந்தால் கசக்கும்.

இரும்பும் பிடியும்

பட்டறையில் அடித்த எஃகுக் கத்தி எளிதில் கூராகும். ஆனால் துருப்பிடிக்கும்; கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் பராமரிப்பு குறைவு, தீட்டச் சற்று நேரமாகும். எதை வாங்கினாலும் பிடியைக் கவனியுங்கள். இரத்தமும் கொழுப்பும் பட்டால் வழவழப்பான பிடி நழுவி, கை வாயின் மீது ஏறிவிடும். சொரசொரப்பான பிடியும், விரலைத் தடுக்கும் மேடும் இருப்பது நல்லது.

சாணைக்காரரிடம் கொடுத்தால் அருகில் நின்று பாருங்கள். சக்கரத்தில் அழுத்தி, வாய் நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் கடினம் போய்விட்டது. அந்தக் கூர் நிற்காது. அவ்வப்போது தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் பெருநாளுக்கு முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியும் ஹதீஸ்களில் வந்துள்ளது.

தோலும் அமானத்

குர்பானித் தோலை நம்மில் பலர் மதரஸாக்களுக்குக் கொடுக்கிறோம். கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோலுக்குத் தோல் மண்டியில் விலை குறைகிறது. அது அங்கு ஓதும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம். உரிப்பவருக்குக் கூலியைத் தனியாகக் கொடுங்கள். தோலையோ இறைச்சியையோ கூலியாகக் கொடுப்பது கூடாது.

இந்த வருடம் ஆடு பார்க்கக் கிளம்பும் முன், வீட்டிலுள்ள கத்தியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பார்த்த பின் உறையிலிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் குர்பானியையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.