ஒரு வாரக் கப்பலும் ஐந்து நிமிட ரயிலும்

என் பாட்டிக்குத் தந்தி வந்தபோது அவர் குளுவாங் ரயில்வே குடியிருப்பில் மதியச் சமையலில் இருந்தாராம். நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்த அவருடைய அம்மா இறந்துவிட்டார். செய்தி உடனே கடல் தாண்டி வந்துவிட்டது. பாட்டியால்தான் போக முடியவில்லை. ஊர் போய்ச் சேரக் கப்பலில் ஒரு வாரம் ஆகும். அதற்கு முன் கப்பல் புறப்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். குழாயடியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, தாத்தாவுக்குச் சோறு போட்டாராம்.

பாட்டி மலாயா வந்தது ‘ரஜூலா’வில். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. நம்மில் பலருடைய குடும்பக் கதை அதன் மேல்தளத்தில் விரித்த பாயில்தான் தொடங்குகிறது. பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் வந்தது. 1985ல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்தது.

தாத்தாவுக்குத் தண்டவாளப் பராமரிப்பு வேலை. மலாயாவின் முதல் ரயில் 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. சுமார் 13 கிலோமீட்டர்தான்; ஈயத்தைத் துறைமுகம் சேர்க்கப் போட்ட பாதை அது. 1909ல் தண்டவாளம் ஜோகூர் பாருவை எட்டியது. ஆனாலும் நீரிணையைத் தாண்டப் படகுதான். 1923ல் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகே சிங்கப்பூரும் தீபகற்பமும் ஒரே பாதையில் இணைந்தன. தஞ்சோங் பகார் நிலையம் 1932ல் திறந்தது. 2011 ஜூன் 30 இரவு, அங்கிருந்து கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். தாத்தா செப்பனிட்ட பாதையில் ஓடிவந்த ரயில்கள் இனி இங்கே வராது என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து அம்மாவைப் பாட்டியின் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். சாங்கியிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேர விமானம், பிறகு கார். காலையில் கிளம்பி மாலைக்குள் பாட்டி பிறந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். “எங்கம்மாவுக்கு இது கெடைக்கலையே” என்றார் அம்மா. தூரம் என்பது இனி ஒரு பொருட்டல்ல என்று அன்று நான் நம்பினேன்.

அப்பாவும் அம்மாவும் ஜோகூர் பாருவில். நான் சிங்கப்பூரில் வேலை. நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே நீண்ட கடற்பாலம். 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. சில மாதங்களில் அப்பா மாரடைப்பால் போய்விட்டார். அனுமதி, பரிசோதனை, இரண்டு வாரத் தனிமை என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போய்ச் சேரும்வரை உடல் காத்திருக்குமா? உட்லண்ட்ஸில் என் வீட்டுச் சன்னலிலிருந்து ஜோகூரின் கட்டடங்கள் தெரியும். அதைப் பார்த்தபடியே கைப்பேசித் திரையில் அப்பாவை வழியனுப்பினேன். முடிந்ததும் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்போதுதான் பாட்டியின் ஞாபகம் வந்தது. பாட்டிக்குக் குறுக்கே நின்றது கடல். எனக்கு எதிரே பாலம் இருந்தது, ரயில் இருந்தது, பேருந்து இருந்தது, வாசல்தான் மூடியிருந்தது.

2021 நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துகள் ஓடத் தொடங்கின. அடுத்த வாரம் எனக்கு இடம் கிடைத்தது. லார்க்கின் நிலையத்தில் அம்மா நின்றிருந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இப்போது ஆர்டிஎஸ் ரயிலைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர்வரை போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2026 இறுதிக்குள் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து கடற்பாலத்து நெரிசலில் நிற்பவர்களுக்கு அது எத்தனை மணி நேரத் தூக்கத்தைத் திருப்பித் தரும் என்பது அவர்களைக் கேட்டால் தெரியும்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அஞ்சே நிமிஷமா? அப்போ ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வராம இருக்க இனிமே என்ன சாக்கு சொல்லுவே?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஜாம்’ என்று சொல்லித்தான் போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டியிருந்தேன். இந்த ஞாயிறு, ரயிலுக்குக் காத்திராமல் பேருந்திலேயே போகிறேன்.