இமை தடித்த காலை

விடிந்தும் கண் திறவாது. இமைமயிர்கள் பீளையில் ஒட்டிக் கிடக்கும். ஈரத்துணியால் ஒற்றிப் பிரித்தபின் கண்ணாடி முன் நின்றால், வெண்விழி செந்நிறமாயிருக்கும். மேலிமை தடித்துத் தொங்கும். உள்ளே மணல் விழுந்தாற்போல் உறுத்தும். மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் நாள்களில், ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்த கிழமைக்குள் மற்றவருக்கும் வரும். நாம் இதனை 'மெட்ராஸ் ஐ' என்கிறோம்.

ஊர்ப்பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது 1918ஆம் ஆண்டளவில். எழும்பூர் கண் மருத்துவமனைக்குத் திரள்திரளாக வந்த நோயாளரைக் கண்டு, கிர்க்பாட்ரிக் என்னும் மருத்துவர் இந்நோயை விரித்துரைத்தார். ஆயினும் நோய் பிறந்த ஊர் சென்னையன்று. 1889இலேயே வியன்னாவில் பூக்சு என்பார் இந்நோயில் தோன்றுவதையொத்த கருவிழிப் புள்ளிகளை விளக்கியிருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டுந்தளங்களில் பரவியபோது, அங்குள்ளோர் அதைக் 'கப்பல் தளக் கண்' என்றனர். பழி நம் ஊர்மேல் நின்றுவிட்டது, அவ்வளவே. நோய்க்கு வேராகிய அடினோ தீநுண்மி 1950களில்தான் பிடிபட்டது.

தீநுண்மி தங்குமிடம், வெண்விழியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்திய மெல்லிய இணைப்படலம். அங்கே அழற்சி மூண்டால் குருதி நுண்குழாய்கள் விரியும். அவற்றின் சுவர் நெகிழ்ந்து நீர் கசியும். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். அடியில் கொழுப்படுக்கு இல்லை, தளர்ந்த இழைமமே உண்டு. ஆகவே கசிந்த நீர் தங்குதடையின்றி அங்கே கோத்துக்கொள்கிறது. படுத்திருக்கும் இரவில் அது வடிவதும் குறைவு. காலையில் வீக்கம் மிகுந்தும் மாலையில் தணிந்தும் தோன்றுவது அதனால்தான்.

வீக்கமெல்லாம் இந்நோயன்று. தினவே மேலோங்கி, இரு கண்ணிலும் நீர் ஒழுகினால் ஒவ்வாமை எனக் கருதலாம். அங்கே இசுடமின் என்னும் பொருள் வேலை செய்கிறது. கசக்கக் கசக்க மேலும் சுரக்கும். இமை விளிம்பில் ஒரே புள்ளியில் வலித்துப் புடைத்தால் கண்கட்டி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை வைத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். பிதுக்கலாகாது. சிவப்பும் உறுத்தலும் இன்றிக் குழந்தையின் இமைகள் காலைதோறும் ஊதினால், சிறுநீரில் புரதம் கழிகிறதா என்று பார்க்கவேண்டும்.

மெட்ராஸ் ஐ-க்குத் தனி மருந்தில்லை. நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு தீநுண்மியைத் தொடாது. ஒன்றிரண்டு கிழமைகளில் உடலே வென்றுவிடும். குளிர்ந்த ஒத்தடமும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் ஆறுதல் தரும். நான் அஞ்சுவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டுக்கு. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். அந்த விரைவே அதன் பொய். அக்கி வகைத் தீநுண்மி கருவிழியில் இருந்தால் அச்சொட்டு புண்ணைப் பெருக்கும். நீண்ட நாள் இட்டால் கண் அழுத்தம் கூடும். கண்ணில் தாய்ப்பாலை விடுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அதில் கிருமி வளரவும் கூடும்.

நோயுற்றவர் கண்ணைப் பார்த்தால் ஒட்டாது. கைதான் கடத்துகிறது: துண்டு, தலையணை உறை, கதவுப்பிடி, பேருந்துக் கம்பி. உலர்ந்த பரப்பிலும் அடினோ நாள்கணக்கில் பிழைத்திருக்கும். கைக்குச் சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். சாராயம் கலந்த கைத்தூய்மியை மட்டும் நம்பலாகாது.

வலி மிகுந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, துடைத்தும் பார்வை மங்கலாகவே நின்றாலோ அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். அழற்சி கருவிழிக்கு ஏறியிருக்கக்கூடும். சிவப்பு மாறிய பின்னும் அங்கே சாம்பல் நிறப் புள்ளிகள் சிலருக்குத் திங்கள்கணக்கில் நிற்கும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிச் சிதறித் தெரியும்.