கரியமில வாயுவும் கான்கிரீட்டும்

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியாக மூச்சை ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்புடன் கூடி, நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுவதே இதற்குக் காரணம். வாயுவாக இருந்தது திண்பொருளாகிவிடுகிறது. கான்கிரீட் கட்டடங்களிலும் இம்மாறுதல் மெல்ல நிகழ்ந்து வருகிறது.

சிமெண்டுச் சூளையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்ந்த கலவை அங்கே ஏறத்தாழ 1,450 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கப்படுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லை நீற்றினால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை இதற்குப் புறம்பானது. மனிதரின் செயல்களால் உலகில் வெளிப்படும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவிகிதம் சிமெண்டுத் தொழிலிலிருந்து எழுகிறது என மதிப்பிடப்பட்டுள்ளது. சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் வகிக்கும் நம் நாடு இதனைப் புறக்கணிப்பதற்கில்லை.

வெளியேறிய வாயுவில் ஒரு பகுதி கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மீண்டும் உட்புகுகிறது. 1930 முதல் 2013 வரை சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை நீற்றியதால் எழுந்த வாயுவில் சுமார் 43 சதவிகிதம் இவ்வாறு உறிஞ்சப்பட்டதென 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எரிபொருளிலிருந்து எழுந்த வாயு இக்கணக்கில் சேராது.

அப்படியாயின் எல்லாக் கான்கிரீட்டிலும் இவ்வாயுவை வேண்டிய மட்டும் செலுத்தலாமே என்று தோன்றலாம். அதில் ஓர் இடர் உண்டு. எஃகுக் கம்பியைத் துருவினின்று காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மையே. வாயு புகப் புக அது குன்றுகிறது. அம்மாறுதல் கம்பியை எட்டியபின் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்தால் கம்பி துருவேறிப் பருக்கும். அதனை மூடிய கான்கிரீட் வெடித்து உதிரும். பாலத்தையும் பள்ளிக் கூரையையும் நலிவித்து வாயுவைச் சேமிப்பது அறிவுடைமையாகாது.

ஆகவே, எங்கே சேமிப்பது என்பதே முதற் கேள்வி. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எஃகுக் கம்பி இல்லாத தளக்கற்களையும் சுவர்க்கற்களையும் மூடிய அறையில் அடுக்கி வாயுவைச் செலுத்துதல். இரண்டாவது, கான்கிரீட்டைக் கலக்கும்போதே சிறிதளவு வாயுவைச் சேர்த்தல். அளவு சிறிதாகையால் காரத்தன்மை பெரிதும் குறைவதில்லை. வலிமை சற்றுக் கூடுமாயின் சிமெண்டைக் குறைக்கவும் இயலும். மூன்றாவது, இடிபாடுகளை உடைத்துப் பெறும் ஜல்லியை வாயுவில் வைத்தெடுத்தல். அதில் ஒட்டியுள்ள பழைய சாந்து வாயுவை உறிஞ்சி இறுகுகிறது. தில்லியில் புராரி என்னுமிடத்தில் இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலை 2009-இல் தொடங்கப்பட்டது. 2016-இல் இடிபாடுகளைக் கையாள்வதற்கான மத்திய அரசின் விதிகள் வெளியாயின. இத்தகைய ஆலைகள் பெருகுமாயின் மூன்றாவது வழிக்கு மூலப்பொருள் குறைவிராது.

கட்டடத்தில் வாயு எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதைக் களப்பணியாளர் எளிதில் அறியலாம். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். வாயுவால் மாறிய பகுதி நிறம் பெறாது. நிறமற்ற பகுதி கம்பியை எட்டியிருப்பின் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் இச்சோதனையைப் பழைய கான்கிரீட் துண்டு ஒன்றில் மாணவருக்குச் செய்து காட்டலாம்.

எனினும், சூளையிலிருந்து எழாத வாயுவைச் சேமிக்கவே தேவையில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் கலந்த சிமெண்டு அவ்வகையில் பயன் தருவது. ஆனால் அதனைக் கொண்டு கட்டியதைக் குறைந்தது 10 நாட்களேனும் ஈரம் உலராமல் காத்தல் வேண்டும். இதில் சிக்கனம் காட்டினால் நுண்துளைகள் மிகுந்து, வாயு விரைவில் கம்பியை எட்டிவிடும்.