இளமையில் பெற்ற கதிர்வீச்சும் பின்னாளில் தோன்றும் மூளையுறைக் கட்டியும்

குழந்தைப் பருவத்தில் இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு, பல ஆண்டுகள் கழித்து மூளையுறையில் கட்டி இருப்பதாக நாங்கள் தெரிவிக்க நேர்கிறது. அப்போது பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்க அன்று நாங்கள் கையெழுத்திட்டோமே, அது தவறா?” இக்கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரை.

கதிர்வீச்சுக்கும் இக்கட்டிக்கும் உள்ள தொடர்பு இஸ்ரேலில் தெளிவாகப் புலப்பட்டது. அங்கு 1948 முதல் 1960 வரை, தலையில் படர்தாமரை கண்ட குழந்தைகளுக்கு எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 11,000 பேரை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் கவனித்து, 1988-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூளை பெற்ற கதிர்வீச்சு சராசரியாக 1.5 கிரே மட்டுமே. ஆயினும், மூளையுறைக் கட்டி தோன்றும் வாய்ப்பு கதிர்வீச்சு பெறாதோரைவிட ஒன்பது மடங்குக்கும் மேலாக இருந்தது.

இதன் காரணத்தை மரபணு ஆய்வு விளக்குகிறது. 22-ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 என்னும் மரபணு, உயிரணுக்கள் அளவின்றிப் பெருகாமல் தடுக்கிறது. தானாகத் தோன்றும் கட்டிகளில் இது பழுதாகும்போது, நூலில் ஓர் எழுத்து பிழையானதைப் போன்ற சிறு மாற்றமே பெரும்பாலும் காணப்படும். கதிர்வீச்சோ டி.என்.ஏ. இழையையே துண்டிக்கிறது. துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. பக்கங்கள் கிழிந்து தவறாகத் தைக்கப்பட்ட நூலைப் போல் அம்மரபணு பயனற்றுப்போகிறது. கதிர்வீச்சுக்குப் பின் தோன்றிய 31 கட்டிகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், 12 கட்டிகளில் இத்தகைய சிதைவு காணப்பட்டது.

கதிர்வீச்சால் கட்டியின் உயிரணுக்களில் நேர்ந்த இம்மாற்றம் நோயாளியின் பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. மூளையுறைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும், கதிர்வீச்சுக்குப் பின் வருபவை ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதும், அகற்றிய பின் மீண்டும் வளர்வதும் சற்று மிகுதி. ஆகையால் தொடர் கண்காணிப்பு தேவை.

பெற்றோரின் கேள்விக்கு வருவோம். அன்று எடுத்த முடிவு தவறன்று. இரத்தப் புற்றுநோய் மருந்துகள் மூளையை எளிதில் எட்டுவதில்லை. அங்கு ஒளிந்திருந்த நோயணுக்களைக் கதிர்வீச்சு அழித்ததாலேயே அக்காலக் குழந்தைகள் பலர் பிழைத்தனர். இன்று முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்தும் முறையால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்க முடிகிறது. மருத்துவர் அது தேவை எனக் கூறினால், அச்சத்தால் மறுக்க வேண்டாம். ஐயங்களைத் தயங்காமல் கேளுங்கள்.

தலைக்குக் கதிர்வீச்சு பெற்றோர், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், அதனை ஒவ்வொரு மருத்துவரிடமும் தெரிவிக்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கதிர்வீச்சு அளவுக் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். நீங்காத தலைவலி, புதிதாக வரும் வலிப்பு, பார்வைக் குறைவு, கை கால் தளர்ச்சி ஆகியவற்றைப் புறக்கணிக்காதீர்கள். கண்டறிய உதவும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை காந்தப்புலத்தால் இயங்குவது. அதில் எக்ஸ் கதிர் இல்லை.